சென்னையின் காடு, கழுவெளி, கடற்கரை: தன்னார்வலராக வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகச் சிலர் வருவார்கள். ஆமை பார்க்க வேண்டும் என்பார்கள், மரம் நட வேண்டும் என்பார்கள், பிள்ளைகளை எங்காவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் பார்த்தால் போதும்.

சென்னைக்குள் நிஜமாகவே காடு இருக்கிறதா?

இருக்கிறது. சர்தார் படேல் சாலையில் பேருந்தில் போகும்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிவதுதான் அது. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர் சொச்சம். நாட்டிலுள்ள மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று, அதுவும் மாநகருக்கு நடுவே. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பு அது ஆளுநர் மாளிகையின் பெரிய வளாகம். அந்த வளாகத்திலிருந்துதான் ஐஐடிக்கும் காந்தி மண்டபத்துக்கும் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் ஒவ்வொன்றாக இடம் கொடுத்தார்கள். கொடுத்தது போக மிஞ்சியதுதான் இன்றைய பூங்கா.

உள்ளே இருப்பது நாம் படங்களில் பார்க்கும் வானுயர்ந்த காடு இல்லை. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரவலாக இருந்த உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் அதிக உயரம் போகாது. வீரை, உலக்கைப்பாலை, களா, காரை என்று இலை தடித்த, முள் நிறைந்த தாவரங்கள் அடர்ந்திருக்கும். மே மாத வெயிலிலும் பச்சையாக நிற்கும். இந்த வகைக் காடு இப்போது பெரும்பாலும் கோயில் காடுகளிலும் சில காப்புக் காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் சென்னையின் இயற்கை என்றால் கிண்டி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் உயிர்கள் அதிகம் வாழ்வது மூன்று வகை இடங்களில்: முள்புதர், கழுவெளி (சதுப்பு நிலம்), கடற்கரை மணல். மூன்றையும் வருவாய்த்துறைக் கணக்கும் மனை விற்பவர்களும் காலங்காலமாக வெற்றிடம் என்றுதான் பார்த்து வந்திருக்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி, ஏதோ ஒரு வகையில் இந்தப் பிரச்சினைக்குத்தான் வந்து நிற்கும்.

கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போக முடியுமா?

நினைத்த நேரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைய முடியாது. பள்ளி, கல்லூரி, இயற்கை ஆர்வலர் குழு என்று வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்களுடைய ஆளோடு போகலாம். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது பக்கத்திலுள்ள சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும். சிறுவர் பூங்காவைப் புதுப்பித்து 2024 ஆகஸ்டில் மறுபடியும் திறந்தார்கள். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் பிள்ளைகளோடு வந்து வாசலில் நிற்கும் குடும்பங்களை எல்லாச் செவ்வாயும் பார்க்கலாம்.

வெளிமான் பார்க்க முடியுமா?

கிண்டியின் அடையாளமே வெளிமான்தான். ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பு, முதுகு கருமை, வயிறு வெள்ளை. பெண்ணும் குட்டியும் மணல் பழுப்பு. பெயரே சொல்வதுபோல அது வெட்டவெளி விலங்கு. தூரத்தில் ஆபத்தைப் பார்த்ததும் ஓடித் தப்பிக்கும் பிராணிக்குப் புல்வெளி வேண்டும். புதர் அடைத்துக்கொண்டே போனால் அதற்கு இடமில்லை. நிழலில் மேயும் புள்ளிமானுக்குத்தான் அது தோது. ஆகவே கிண்டியில் ஒவ்வொரு காலி இடத்திலும் மரம் வைப்பது வெளிமானுக்குச் செய்யும் உதவியாகாது. பலருக்கு இது வியப்பாக இருக்கிறது.

ஐஐடி வளாகத்திலும் வெளிமான் உண்டு. அங்கே படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் கொடுத்துவைத்தவர்கள்.

மானுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா?

வேண்டாம். பிஸ்கட்டும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம். குறிப்பாக, பிளாஸ்டிக் பையோடு கூடிய எதையும் மதில் தாண்டி வீசாதீர்கள். உணவின் வாசனைக்காகப் பையையும் சேர்த்து விழுங்கி, அது வயிற்றில் உருண்டையாகி மான்கள் இறந்திருக்கின்றன.

சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை. எங்கே ஆரம்பிக்கலாம்?

ஐந்து, ஆறு வயது என்றால் கிண்டி பாம்புப் பண்ணை. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் நாகத்தையும் கட்டுவிரியனையும் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளைக்குப் பாம்பு மேல் இருக்கும் பயம் கவனமாக மாறும். பெரியவர்களுக்குத்தான் அது கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை. 1976-இல் தொடங்கியது. திங்கட்கிழமை விடுமுறை. நம் ஏரிகளில் இருந்த முதலை அருகிப்போன காலத்தில், அதை இனப்பெருக்கம் செய்து காப்பாற்றத் தொடங்கிய இடம். அதே வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. 1978 முதல் இயங்கும் இந்தச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முதலை பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள். எனக்கு முதலையைவிட இது முக்கியமாகப் படுகிறது.

வண்டலூர் உயிரியல் பூங்கா பெரியது, சுமார் 600 ஹெக்டேர். ஒரு நாள் முழுக்க வேண்டும். அங்கே மிருகங்களைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வழியில் உள்ள புதர்க்காட்டில் திரியும் பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் யாரும் கவனிப்பதில்லை. அதற்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

செம்மொழிப் பூங்கா இயற்கைப் பூங்காவா?

அது தோட்டம். நன்றாகப் பராமரிக்கிறார்கள், நடக்க நல்ல இடம். பழைய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த நிலத்தில் 2010-இல் வந்தது. காட்டுயிர் பார்க்க வேறு இடம் போங்கள்.

பள்ளிக்கரணையில் பார்க்க என்ன இருக்கிறது? குப்பை மேடுதானே?

இரண்டும் இருக்கிறது. அதுதான் அந்த இடத்தின் கதை.

வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் இவற்றுக்கு நடுவே உள்ள பள்ளமான நிலம். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கழுவெளி இப்போது இருப்பதைப்போலப் பல மடங்கு விரிந்திருந்தது. ஒரு பக்கம் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் ரயில், அப்புறம் சாலை, கல்வி நிறுவனங்கள், மென்பொருள் அலுவலகங்கள் என்று கரைந்துகொண்டே வந்தது. மழைக்காலத்தில் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது என்று புலம்புகிறோமே, அந்தத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வருகிறது.

2007-இல் தெற்குப் பகுதியில் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். காகிதத்தில் வந்த இந்தப் பாதுகாப்புக்குப் பின்னால் குடியிருப்போர் சங்கங்களும் ஆய்வாளர்களும் பறவை பார்ப்பவர்களும் பல வருடம் மனுப் போட்டு, வழக்குப் போட்டு, எண்ணிக் கணக்குக் காட்டிய வேலை இருக்கிறது. எந்த மாதம் எந்தப் பறவை எத்தனை வந்தது என்ற பட்டியல் இல்லாமல் போயிருந்தால், இது வெறும் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்று சொல்வது சுலபமாகியிருக்கும்.

பார்க்கப் போவதற்கு நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலை கழுவெளியை ஊடறுத்துப் போகிறது. அதை ஒட்டி வனத்துறை 2021-இல் ஒரு சூழல் பூங்கா திறந்திருக்கிறது, நடைபாதை உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள். பூநாரைகள் வந்திருந்தால் சாலையிலிருந்தே தெரியும்: நீண்ட கால்களோடு சேற்றில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டிச் சாப்பிடும்.

பூநாரை கிடைக்கவில்லை என்றால் ஏமாற வேண்டாம். கோரைப்புல் ஓரம் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று செந்நிறக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே வரும். கோரைத் தண்டைப் பிடுங்கி, நம்மைப்போலவே ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்னும். கொஞ்சம் தள்ளி இலைக்கோழி, மிதக்கும் இலைகள் மேல் நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் எடை பரவி, இலை மூழ்குவதில்லை. நீளவால் இலைக்கோழியில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆண். இதைக் கேட்டதும் கூட வரும் குடும்பங்களில் ஒரு சிறு விவாதம் நடக்காமல் இருந்ததே இல்லை.

ஆமை நடை என்றால் என்ன? எப்போது, எப்படிச் சேரலாம்?

நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் வருவது அதுதான். டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

1970-களின் தொடக்கத்திலேயே சென்னையில் சிலர் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைத் தேட ஆரம்பித்தார்கள். நாய் தோண்டித் தின்றுவிடும், மனிதர்களும் எடுத்துப்போவார்கள் என்பதால். 1988-இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்று தங்கள் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்கிறார்கள். வார இறுதி நாட்களில் பொதுமக்களும் கூடப் போகலாம். இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். அந்தக் குழுவின் அறிவிப்பைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நடை நள்ளிரவு நெருங்கும்போது தொடங்கும். விடியற்காலை வரை போகும். ஏழு கிலோமீட்டர்தானே என்று நினைப்பவர்கள், அது மணலில் ஏழு கிலோமீட்டர் என்பதை மறந்துவிடுகிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபோன் வெளிச்சம் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆமையைப் பார்க்காமல் திரும்பும் இரவுகளும் உண்டு. ஏழு, எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நடையைவிட, பொரித்த குஞ்சுகளைக் கடலுக்கு விடும் மாலைகள்தான் சரி.

ஆமையை நேரில் பார்ப்பதைவிட அதன் தடத்தைப் பார்ப்பதுதான் அதிகம் வாய்க்கும். ஈரமணலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடம் ஏறும், இன்னொன்று இறங்கும். துடுப்புகள் மாறி மாறித் தள்ளிய அடையாளம் இரு பக்கமும் தெரியும், நடுவில் வயிறு இழுபட்ட வழி. இரண்டு தடங்களும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே அனுபவமுள்ள தன்னார்வலர் மெல்லிய கம்பை நிதானமாக அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக இருக்கும் மணல் ஓரிடத்தில் சட்டென்று இளகிக் கொடுக்கும். பிறகு கம்பை வைத்துவிட்டுக் கையால் தோண்டுவார்கள். முழங்கை போகும் ஆழத்தில், பிங்பாங் பந்துபோல வெள்ளையாக முட்டைகள். ஓடு கெட்டியாக இருக்காது, விரல் பட்டால் குழியும். அவற்றை உருட்டாமல் பையில் எடுத்துப்போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும். தாமதமானால் கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பின் அசைத்தால் போய்விடும்.

ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் அதிகம். அதனால்தான் கோடை முற்றும்போது பொரிப்பகத்துக்கு மேலே நிழல் கட்டுகிறார்கள்.

ஆமைக்குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாமா? நானே தூக்கிக் கடலில் விடலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. அனுமதியில்லாமல் பிடிப்பதே குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, குஞ்சு தானாகவே மணலில் தவழ்ந்து கடலுக்குள் போக வேண்டும். அதன் கண்ணுக்கு எந்தத் திசையில் அதிக வெளிச்சம் தெரிகிறதோ அங்கே போகும். இருட்டான கரையில் அது கடலின் பக்கம். தெருவிளக்கும் உணவகங்களின் வெளிச்சமும் உள்ள கரையில் அது சாலையின் பக்கம். கடற்கரை வீடுகளில் இருப்பவர்கள் ஜனவரியிலிருந்து மே வரை கடல் பக்க விளக்கை இரவில் அணைத்தாலே, ஆமை நடைக்கு வராமலேயே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

2025 ஜனவரியில் ஏன் அவ்வளவு ஆமைகள் இறந்து ஒதுங்கின?

அந்தச் சில வாரங்களில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல், அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி நேரத்துக்கு மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துவிடும். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அதே கரையோரக் கடலில்தான். வலையில் ஆமை தப்பும் கருவி பொருத்துவது, ரோந்து போவது என்று அரசு பேசியதும் செய்ததும் உண்டு; தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தானாக முன்வந்து விசாரித்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். செய்தி வந்ததும் "மீனவர்கள் கொல்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியவர்கள் அதிகம். நாட்டுப்படகிலும் கட்டுமரத்திலும் போகிறவர்களும் அதே இழுவலையால் மீன் இழப்பவர்கள்தான். ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற ஊர்களில் முட்டையிட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பவர்களே அவர்கள்.

இறந்த ஆமையைப் பார்த்தால்: தொடாமல் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், துடுப்பில் உலோக அட்டை ஏதும் உண்டா என்று பாருங்கள், வனத்துறைக்கோ ஆமைக் குழுவுக்கோ தெரிவியுங்கள். ஒவ்வொரு பதிவும் கணக்கில் சேரும்.

அடையாறு தொல்காப்பியப் பூங்கா?

சாந்தோம் பக்கம், அடையாற்றுக் கழிமுகத்தின் ஓடையை மீட்டு 58 ஏக்கரில் உருவாக்கியது. 2011-இல் திறந்தார்கள். சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை நடத்துகிறது. கட்டடக் கழிவும் சாக்கடையும் நிறைந்திருந்த இடம் இது. கழிவை அகற்றி, அலைநீர் ஏறி இறங்க வழிசெய்து, அலையாத்தியும் கரையோரத் தாவரங்களும் வைத்தார்கள். பள்ளிக் குழுக்களுக்கு அங்கேயே பாடம் நடத்தும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே உண்டு. நேரமும் நுழைவு விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் அலுவலகத்திலிருந்து ஐம்பது பேர் சனிக்கிழமை மரம் நட வருகிறோம். இடம் ஏற்பாடு செய்ய முடியுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பதில் பலருக்குப் பிடிப்பதில்லை.

ஐம்பது பேர் இரண்டு மணி நேரத்தில் இருநூறு கன்று நட்டுவிடலாம். அடுத்த இரண்டு கோடைக்கும் அந்த இருநூறுக்கும் தண்ணீர் ஊற்றுவது யார்? மாடு மேயாமல் பார்ப்பது யார்? இதற்குப் பெயரோடு பதில் இல்லாவிட்டால் நட வேண்டாம். இருபது கன்று நட்டு, இருபதையும் காப்பாற்றுங்கள்.

இடம் இன்னும் முக்கியம். கழுவெளிக் கரையில் நடாதீர்கள், புல்வெளியில் நடாதீர்கள், கடற்கரை மணலில் நடாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் அவை காலி இல்லை. மணலில் சவுக்கு அடர்ந்தால் ஆமைக்கு முட்டையிட இடம் போகும். நெருக்கி நடும் மியாவாக்கித் தோப்புகளுக்கும் இதையே சொல்வேன்: ஏற்கெனவே கான்கிரீட்டும் குப்பையும் மூடிய நிலத்தில் வைத்தால் லாபம், பொட்டல் புல்லில் வைத்தால் நஷ்டம்.

ஐம்பது பேருக்கும் வேலை வேண்டும் என்றால் களை எடுக்க வாருங்கள். கோட்டூர்புரம் மரப் பூங்கா இருக்கிறது. அடையாற்றின் கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ‘நிழல்’ என்ற தன்னார்வ அமைப்பும் அக்கம்பக்கத்தினரும் சேர்ந்து நாட்டு மரங்கள் நிறைந்த பூங்கா ஆக்கினார்கள். அது அப்படியே நிற்பதற்குக் காரணம், நட்டுவிட்டுப் போகாமல் வார இறுதிகளில் தொடர்ந்து வந்து, மண்ணை மூட இலைதழை பரப்பி (மூடாக்கு), தண்ணீர் விட்டு, களை எடுத்தவர்கள்தான். படத்துக்கு அழகாக இராது. தோள் வலிக்கும்.

சரி, நடுவதென்றால் என்ன மரம்?

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் விழுந்த தெருமரங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். தூங்குமூஞ்சி, குல்மொகர், பெருங்கொன்றை என்று வேகமாக வளர்ந்து பரந்து விரிந்தவை பெரிய அளவில் சாய்ந்தன. வேரைச் சுற்றி சிமெண்ட் பூசி, ஒரு பக்க வேரைக் குழாய்க்காக வெட்டியிருந்தால் எந்த மரமும் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். இடத்துக்கு ஏற்ப வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம், நீர்மருது, உலக்கைப்பாலை, வீரை. கடைசி இரண்டும் மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். பனையை மறந்துவிடாதீர்கள், ஏரிக்கரைக்கு அதைப்போல வேறில்லை.

எனக்குக் காக்கையையும் புறாவையும் தவிர எந்தப் பறவையும் தெரியாது. வரலாமா?

தாராளமாக. பொங்கல் சமயத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஆரம்பியுங்கள். 2015 முதல் தமிழகம் முழுக்க நடக்கிறது. மொட்டைமாடியிலோ, ஊருக்குப் போன இடத்தில் குளத்தங்கரையிலோ பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவிட வேண்டும். தெரியாத பறவையைத் தெரியாது என்று விட்டுவிடலாம். யூகித்து எழுதுவதுதான் தப்பு. பத்து காக்கை, நான்கு மைனா, ஒரு செம்போத்து என்ற பட்டியலுக்கும் மதிப்பு உண்டு. சாதாரணப் பறவை குறைகிறதா என்பது சாதாரணப் பறவையை எண்ணினால்தான் தெரியும்.

அடுத்தபடியாக, 1978 முதல் இருக்கும் மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் காலை நடைகளுக்குப் போகலாம். அங்கே பல பத்தாண்டு அனுபவம் உள்ள பெரியவர்கள் வருவார்கள். "இது என்ன சார்?" என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்லாமல், எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று காட்டுவார்கள்.

நான் பள்ளி ஆசிரியர். மாணவர்களை எப்படி இதில் ஈடுபடுத்துவது?

சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. வகுப்பை விட்டு வெளியே போவதுதான் இல்லை. உங்கள் பள்ளியில் தேசியப் பசுமைப் படை (மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றம்) இருந்தால் அதன் வழியாகச் செய்வது சுலபம். அனுமதிக் கடிதமும் சிறு நிதியும் கிடைக்க வழி உண்டு. ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் உள்ள சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் 1989 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தமிழில் கையேடுகளும் தருகிறது.

என் யோசனை ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை பேருந்து பிடித்து வண்டலூர் போவதைவிட, பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு குளத்துக்கோ மரத்துக்கோ மாதம் ஒரு தடவை போங்கள். பிள்ளைகள் ஜூனில் வரைந்த அதே மரத்தை நவம்பரிலும் பிப்ரவரியிலும் வரையட்டும். ஆலங்காய் பழுக்கும் வாரத்தில் எந்தெந்தப் பறவை வருகிறது என்று அவர்களே எழுதட்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பை நான்காகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சத்தம், ஒரு குழுவுக்கு இலை, ஒரு குழுவுக்குப் பூச்சி, ஒரு குழுவுக்குத் தரை என்று கொடுத்தால் சமாளிக்கலாம். தரையைக் கவனிக்கும் குழுதான் எப்போதும் அதிகம் கொண்டுவரும்: எச்சம், இறகு, கடித்துப் போட்ட கொட்டை.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் உங்களைக் கூப்பிடலாமா?

வனத்துறையைக் கூப்பிடுங்கள், அல்லது தீயணைப்புத் துறைக்கு 101. ஆள் வரும்வரை தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். சென்னையில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறிமூக்கன் போன்ற நஞ்சு ஆபத்தில்லாதவைதான். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனை. பாம்பு பிடிக்கும் பயிற்சி தருவீர்களா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தரமாட்டோம். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

ஏரி சுத்தம் செய்வதால் பலன் உண்டா? அடுத்த வாரமே மறுபடி குப்பை வந்துவிடுகிறதே?

வரும். குப்பை பொறுக்குவது மட்டும் என்றால் பலன் குறைவு. பொறுக்கியதைத் தரம் பிரித்து, எந்தக் கடையின் பை, எந்தத் தெருவின் கழிவு என்று எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுத்தால் அது வேறு விஷயம். ஆகாயத்தாமரை அகற்றுவதும் அப்படியே. சாக்கடை கலப்பது நிற்காதவரை அது திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஏரிக்கு வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்ப்பது, பத்து மூட்டை குப்பை எடுப்பதைவிட உபயோகம். யாராவது லாரியில் கட்டடக் கழிவு கொட்டுவதைக் கண்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தகராறுக்குப் போகாதீர்கள்.

பெரிய கேமரா இல்லை. பரவாயில்லையா?

நல்லதுதான். கேமரா உள்ளவர்களுக்குச் சில விதிகள்: கூட்டை நெருங்கக் கூடாது, கிளையை ஒடித்து மறைப்பை விலக்கக் கூடாது, ஃபோனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக் கூடாது. ஆந்தை இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது.

சான்றிதழ் தருவீர்களா?

கல்லூரியில் கேட்கிறார்கள் என்றால், சேர்ந்த அமைப்பிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிலர் பருவம் முழுக்க வந்தவர்களுக்குத் தருவார்கள். ஒரு நாள் வந்து படம் எடுத்துவிட்டுக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது.

என்ன எடுத்துவர வேண்டும்?

தண்ணீர் பாட்டில், தொப்பி, மண்ணின் நிறத்தில் உடை, சிறு நோட்டு, பென்சில். மழையில் பேனா எழுதாது. கடற்கரைக்கு வெறுங்காலோ பழைய செருப்போ போதும். கழுவெளிப் பக்கம் மூடிய காலணி. முள் இருக்கும், கண்ணாடித் துண்டும் இருக்கும். வாசனைத் தைலம் வேண்டாம்.

இப்போது ஜூலை. ஆமையும் இல்லை, பூநாரையும் இல்லை. காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகம் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காலையில் போய் ஆலமரத்தைப் பாருங்கள். தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரம். மரப் பூங்காவில் களை இருக்கிறது, முதல் கோடையைத் தாண்டிய கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் தவளைகள் கத்தும், பட்டாம்பூச்சிகள் பெருகும். அந்தச் சமயத்தில் வர முடிகிறவர்கள் குறைவு என்பதால் ஆள் தேவையும் அப்போதுதான் அதிகம். ஆமை நடைக்கான பதிவை டிசம்பரில் பார்க்கத் தொடங்குங்கள்.